யாருடைய தடம்?

அன்புள்ள அண்ணா,

ஓசூரில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பாலக்கோடு. போன வருடம் முன் சஸ்பென்ஷன் வைத்த எம்டிபி, அதாவது மலைப்பாதைச் சைக்கிள் ஒன்று வாங்கினேன். வெளிநாட்டில் நாலு நாள் விடுமுறை கிடைத்தால் ஒரு நாளைக்கு ஒரு ட்ரெயில் (சைக்கிள் தடம்) என்று ஓட்டிவிட்டு வருகிறார்கள். பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் போட்டுப் பாதைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு மூன்று நாள் விடுமுறை இருக்கிறது. முதல் நாள் தளி, ஜவளகிரி. அடுத்த நாள் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி. மூன்றாம் நாள் அங்கிருந்து காட்டு வழியாக ஒகேனக்கல். நான்கு பேர் போகிறோம். சைக்கிளில் சத்தமே வராது, அதனால் காட்டுக்கும் தொந்தரவு இல்லை. திட்டம் சரியா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

சரியில்லை தம்பி. மூன்று நாளும் மூன்று விதமான தரையில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. இடமும் மாதமும்தான் தப்பு.

இது ராகி அறுவடைக் காலம். மழை முடியும் முன்பே கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்க ஆரம்பித்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று காடு மாறிக்கொண்டே இருக்கும். ராத்திரி கொல்லைக்கு வந்து ராகியைத் தின்றுவிட்டு விடியும்போது காட்டுக்குத் திரும்பும். வெயில் ஏறுவதற்குள் ஓட்டிவிடலாம் என்று நீங்கள் கிளம்பும் நேரமும் அதுதான்.

சத்தமே வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைப் பயமுறுத்தியது. மோட்டார் வண்டி வந்தால் யானைக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும், ஒதுங்கிப் போக நேரம் கிடைக்கும். நடந்து போகிறவனோ மெதுவாகப் போகிறான், கிளை முறியும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவான். இறக்கத்தில் சைக்கிள் மோட்டார் வண்டி வேகத்தில் பாய்கிறது, ஆனால் ஓசை இல்லை. காதில் அடிக்கும் காற்றில் உங்களுக்கும் எதுவும் கேட்காது. வளைவு திரும்பியதும் பத்தடியில் ஒரு தாயும் குட்டியும் நின்றால் என்ன செய்வீர்கள்?

சில வருடங்களுக்கு முன் இதே மாதத்தில் தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே ஒரு வண்டித்தடத்தில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. கொல்லைப் பரணிலிருந்து ஒரு பெரியவர், "சாமி, நில்லு, நில்லு!" என்று கத்தினார். நின்று கீழே பார்த்தால் முன்சக்கரத்துக்கு எதிரே யானைச் சாணம், ஆவி பறந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க வெடி போட்டும் விரட்ட முடியவில்லை என்றார். அரை ஏக்கர் ராகி அப்படியே தரையோடு கிடந்தது. கண் மூடாமல் காவல் இருந்து பயிரையும் இழந்த மனிதர், பொழுதுபோக்குக்கு வந்த என்னைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் மறுநாள் அந்த ஊருக்குள் யானை மேல் கோபம் இன்னும் ஏறியிருக்கும். அன்றிலிருந்து ஐப்பசி முதல் மாசி வரை அந்தப் பக்கம் சைக்கிளை எடுப்பதில்லை.

காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது 2014-ல். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி அதில் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுத்தடத்தில் இறங்குவது குற்றம். தெரிந்தவர் யாரோ போய் வந்தார் என்பது அனுமதி ஆகாது.

நீங்கள் சொன்ன பச்சை, நீலம், கறுப்பு நிறங்கள் பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து சைக்கிள் பாதைக்கு வந்தவை. பாதை எவ்வளவு கடினம் என்பதைத்தான் அவை சொல்லும். நம் ஊர்த் தடம் சைக்கிளுக்காக வெட்டியது இல்லை. ஆட்டுத்தடம், வண்டித்தடம், கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப்பாதை, யானையின் வலசைப் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஆள் உண்டு. அது யார் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். டீக்கடையில் நின்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

சரி, மூன்று நாளைக்கு வருவோம். கிழக்கே வாருங்கள்.

முதல் நாள் பர்கூர் பக்கம், பாறைக்காக. பாறைத் தடத்துக்குப் பேர்போன அமெரிக்காவின் மோவாபில் ஓட்டுவது மணற்பாறை மேல். நம்முடையது கெட்டியான நைஸ் (gneiss) வகைப் பாறை. காய்ந்திருந்தால் டயரை நன்றாகப் பிடிக்கும், பனி ஈரத்தில் பாசி இருந்தால் வாரிவிட்டுவிடும். அதனால் எட்டு மணிக்கு மேல் ஏறுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம்தான் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை பழையது என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருடமாக மனிதர் நடந்த மேடு அது. கல்வட்டங்களுக்கும் ஈமக்குழிகளுக்கும் பக்கத்தில் சக்கரம் போகக் கூடாது, சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காவேரிப்பட்டணம். தென்பெண்ணைக் கரை, மாந்தோப்பு ஓரத்து வண்டித்தடங்கள், ஏரிக்கரைகள். பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் விழுந்தது இங்கேதான். இறுகிய செம்மண் மேல் உதிரிச் சரளை கிடக்கும். திருப்பத்தில் முன்பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போகப் பழகுங்கள். ஒரே தடத்தை மூன்று முறை ஓட்டினாலும் பரவாயில்லை, மூன்றாவது முறைதான் உடம்புக்குப் புரியும். வேலிக்காத்தான் முள் எங்கும் கிடக்கும், ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும். அப்புறம், எருது விடும் ஊர் என்றால் அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். கூட்டத்துக்கு நடுவே மிரண்ட மாடு வரும் தெருவில் சைக்கிளுக்கு வேலை இல்லை.

மூன்றாம் நாள் தருமபுரியிலிருந்து வத்தல்மலை. தார் ரோடுதான், அதை விட்டு விலக வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். மேலே காப்பியும் மிளகும் விளைகிறது. இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகிப் பிடிப்பு போய்விடும். அழுத்தமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள்.

அஞ்செட்டி ரோட்டுக்கு வெயில் காலம் முடிந்து, வனத்துறையில் கேட்டுவிட்டுப் போகலாம். இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்தில் இருங்கள், ஏரிக்கரைத் தடத்தைக் காட்ட நானும் வருகிறேன்.