எந்த எடிட்டர், எப்படி டெஸ்ட்? புதிதாக கோட் எழுதுகிறவர்கள் கேட்டவை

புதிதாக கோட் எழுதப் பழகுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, பி.சி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். விஎஸ் கோட் எடிட்டரைத் திறந்தாலே தவழ்கிறது. அது இல்லாமல் பைத்தான் கற்க முடியாதா?

தாராளமாக முடியும் தம்பி. தோனி போட்டுக்கொள். கிரிக்கெட் தோனி இல்லை. தேடும்போது டி, ஹெச், ஓ, என், என், ஒய் என்று அடி. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவான எடிட்டர். பைத்தானும் அதோடு சேர்ந்தே வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது அதன் டீபக்கர்தான், அதாவது கோடை ஒவ்வொரு படியாக ஓட்டிக் காட்டும் கருவி. 'விலை * (எண்ணிக்கை + 1)' என்று ஒரு வரி இருந்தால், முதலில் விலை எண்ணாக மாறும், அடுத்து அடைப்புக்குறிக்குள் இருப்பது எண்ணாக மாறும், பிறகு பெருக்கல் நடக்கும். கரும்பலகையில் வாத்தியார் போட்டுக்காட்டுவது போலவே இருக்கும். வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதையும் டிக் செய்துவிடு. எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே தெரியும். (ஆமாம், பைத்தான் 3 தமிழில் பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்.)

எங்கள் கல்லூரி லேபில் டர்போ சி++ நீலத் திரைதான். வீட்டிலும் அதையே போடலாமா?

லேப் தேர்வுக்காக என்றால் போடுங்கள், வேறு எதற்கும் வேண்டாம். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்பைலர் (கோடை ஓடும் ப்ரோகிராமாக மாற்றுவது). அதில் இன்ட், அதாவது முழு எண் வைக்கும் இடம், 16 பிட்தான்; 32767க்கு மேல் கொள்ளாது. ஒரு இன்டில் 40000 வைத்து அச்சிட்டால் -25536 என்று வரும். தப்பு உங்களுடையது என்று நினைத்து ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். வீட்டில் கோட்பிளாக்ஸ் எடிட்டரும் ஜிசிசி கம்பைலரும் போதும். 40000 அங்கே 40000 ஆகவே இருக்கும்.

விம் எடிட்டர் கற்றால்தான் உண்மையான ப்ரோகிராமர் என்கிறார் சீனியர்.

சொல்லிவிட்டுப் போகட்டும். என்றாவது ஒரு சர்வரில் தெரியாமல் விம்முக்குள் மாட்டிக்கொண்டால், வெளியே வர எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

டெஸ்டிங் எல்லாம் வேலைக்குப் போன பிறகுதானே? ரன் செய்து பார்த்தால் போதாதா?

ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் ஃபங்ஷன் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை எண்ணித் தரும் பைத்தானின் லென் போதும் என்று தோன்றும். 'பல' கொடுத்துப் பார்க்கிறீர்கள், 2 வருகிறது. சரி, முடிந்தது என்று மூடிவைத்துவிடுவீர்கள். இப்போது 'தமிழ்' கொடுங்கள். 3 வர வேண்டிய இடத்தில் 5 வரும். கொக்கியையும் புள்ளியையும் யூனிகோட் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) தனித்தனிக் குறியாக வைத்திருக்கிறது, லென் அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது.

பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் (தயாராக இருக்கும் கோட் தொகுப்பு) ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை உண்டு. கொக்கி, புள்ளி எல்லாம் எம் என்று தொடங்கும் வகை. அதை விட்டுவிட்டு எண்ணினால் 'தமிழ்' 3, 'அம்மா' 3. சந்தோஷப்படுவதற்குள் 'ஔவை' கொடுங்கள். ஔ விசையில் அடித்திருந்தால் 2. ஒ, ள என்று இரண்டாக அடித்திருந்தால் 3. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்!

ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இந்த நான்கு சொல்லையும் கையால் அடித்துப் பார்ப்பீர்களா? மூன்றாவது தடவை நானே சோம்பேறித்தனம் செய்வேன். அதனால் அஸெர்ட் என்று போட்டு, இந்தச் சொல்லுக்கு இந்த எண் என்று வரிக்கு ஒன்றாக எழுதிவைத்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் ப்ரோகிராம் அந்த வரியிலேயே நின்று கத்தும். ஒ, ள என்று அடித்த ஔவைக்கு 2 வர வேண்டுமா, 3 வர வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவும் அங்கேயே பதிவாகி இருக்கும்.

டெஸ்டுகளை ஓட்டித் தரும் பைடெஸ்ட் போட்டேன். டெஸ்ட் எழுதியும் 'ஒன்றும் ஓடவில்லை' என்கிறது.

பெயரைப் பாருங்கள். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் டெஸ்ட் என்ற சொல்லும் அடிக்கோடுமாகத் தொடங்க வேண்டும், அல்லது அடிக்கோடும் டெஸ்டுமாக முடிய வேண்டும். உள்ளே இருக்கும் ஃபங்ஷனின் பெயரும் டெஸ்ட் என்றே தொடங்க வேண்டும். அப்படியும் வராவிட்டால், நோட்பேட் உங்கள் கோப்புக்கு டாட் பிஒய்க்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டியிருக்கும். விண்டோஸ் அந்த வாலைக் காட்டாது. எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் குட்டு வெளிப்படும்.

பகடை ப்ரோகிராம் எழுதினேன். ராண்டம் மாட்யூலில் ராண்ட்இன்ட் இல்லவே இல்லை என்கிறது. பைத்தானைத் திரும்ப இன்ஸ்டால் செய்யவா?

வேண்டாம். உங்கள் கோப்புக்கே ராண்டம் என்று பெயர் வைத்திருப்பீர்கள். பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில் தேடி, உங்கள் கோப்பையே மாட்யூல் என்று எடுத்துக்கொள்கிறது. பகடை என்று பெயர் மாற்றுங்கள். நானும் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

மேடம், அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியர் நான். லேபில் இணையம் கிடையாது. பிள்ளைகளுக்கு என்ன போட்டுத் தரலாம்?

தோனியின் இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள் சார். பைத்தானும் அதிலேயே இருப்பதால் இணையம் தேவைப்படாது. பைடெஸ்ட்டைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும், அதை விட்டுவிடுங்கள். அஸெர்ட் பைத்தானிலேயே உண்டு. கொஞ்சம் ஒழுங்காக அடுக்கிக் காட்ட வேண்டுமென்றால் யூனிட்டெஸ்ட்டும் 2001 முதலே கூடவே வருகிறது. முதல் பாடத்துக்கு பிள்ளைகளின் பெயர்களையே கொடுத்து எழுத்து எண்ணச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு ஸ்ரீதரோ ஸ்ரீமதியோ இருந்தால், ஸ்ரீ ஒரு எழுத்தா இரண்டா என்று பேசவே அன்றைய பீரியட் போதாது.