தொடக்கப் பள்ளியில் உலகக் குடிமை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெங்களூரில் 3 முதல் 5 வரையான வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு உலகக் குடிமையை, அதாவது உலகத்தையே தன் ஊராக எண்ணிப் பொறுப்போடு நடப்பதை, எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தனிப் பாடமே வேண்டாம். கொடி ஒட்டி, மாறுவேடம் போட்டு ஒரே நாளில் முடிந்துவிடும்.

வீட்டுக் குழாயில் ஆரம்பியுங்கள். நம் ஊருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து, தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் பம்ப் செய்து மேடேற்றப்பட்டு வருகிறது. பிள்ளைகள் வரைபடத்தில் அதை விரலால் தொடரட்டும். அதே ஆறு தமிழ்நாட்டில் மேட்டூர், திருச்சி என்று இறங்குவதையும் பார்க்கட்டும். அல்சூர் பையனின் தாத்தாவுக்குத் தஞ்சாவூரில் வயல் இருக்கும், பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் தாத்தாவுக்குக் கர்நாடகத்து மண்டியாவில். இரண்டுக்கும் காவிரித் தண்ணீர்தான். இருவரையும் கட்சி மாறி வாதாடச் சொல்லுங்கள். சத்தம் வரும், வரட்டும். 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கென்று கூட்டிக்கொடுத்த 4.75 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) ஐந்தாம் வகுப்பில் கணக்காகவே போடலாம். பிறகு நைல் நதிக்குப் போனால் எகிப்து, எத்தியோப்பியா தகராறு சட்டென்று பிடிபடும்.

உலகக் குடிமைக் கல்வியை அறிவு, உணர்வு, செயல் என்று யுனெஸ்கோ மூன்றாகப் பிரிக்கிறது. பள்ளிகள் கோட்டை விடுவது மூன்றாவதில்தான். பள்ளியில் ஒழுகும் குழாய்களைப் பிள்ளைகளே கணக்கெடுத்து, தலைமை ஆசிரியருக்குக் கன்னடத்தில் மனு எழுதட்டும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். பெற்றோர் இதற்கும் டியூஷன் தேடுவார்கள்.