காக்பிட்டுக்கு வாங்கியதும் ஏமாந்ததும்: நுகர்வோர் கேள்வி-பதில்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானம் இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்றது. அதற்குப் பிறகு, அந்த விமானத்தின் மாடல் கிட் வாங்கி வீட்டில் கட்டுகிறவர்களின் கடிதங்கள் கூடிவிட்டன. பெட்டியோடு வரும் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, வெறுமையாக இருக்கிறதே, நாமே கையால் செய்து சேர்ப்போம் என்று இறங்கியவர்கள் இவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, 1/48 அளவில் மிக்-21 கட்டுகிறேன். விமானியின் இரண்டு பக்கமும் வரும் சுவிட்ச் பலகைகளைச் செய்ய, ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் வாங்கினேன். மாடல் பசை அதில் பிடிக்கவே இல்லை. பசைதான் போலி என்கிறார் கடைக்காரர்.

தம்பி, உங்கள் பசையில் குறை இல்லை. மாடல் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிற திரவம். வேறு பிளாஸ்டிக்கில் போட்டால் சரியாகப் பிடிக்காது. உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக பிவிசி ஃபோம் போர்டு. பேனர் அடிக்கிற கடைகளில் சன்போர்டு என்பார்கள். நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் விழும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், பொடிப்பொடித் துளைகள் இருக்கும்.

எனக்கு வெகுநாளாக இருக்கிற ஆத்திரம் இது. "பிளாஸ்டிக் ஷீட்" என்று எழுதி விற்கிறார்கள். எந்த பிளாஸ்டிக்? எவ்வளவு கனம்? கேட்டால் பதில் வராது. காக்பிட் செய்கிறவனுக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். 1/48 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். அந்தக் கனத்தில் பலகை வைத்தால் கோட்டைச் சுவர்தான். 0.25, 0.5 மில்லிமீட்டர் ஷீட் இரண்டும் கையில் இருந்தால் காக்பிட்டின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். எவர்கிரீன் போன்ற கம்பெனிகள் உறை மேலேயே பொருளையும் கனத்தையும் அச்சிடுகின்றன. நம் கடைக்காரர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டக் கை வருவதில்லை.

நானும் ஓர் இணையக் கடையில் "ஸ்டைரீன்" (பாலிஸ்டைரீனைச் சுருக்கி அப்படிச் சொல்வோம்) என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு கட்டு வாங்கினேன். வந்தது அக்ரிலிக். கீறி மடக்கினால் ஓரமெல்லாம் தெறித்துப் போனது. கேட்டதற்கு, "எல்லாம் பிளாஸ்டிக்தானே சார்" என்று பதில். பணமும் திரும்பவில்லை.

அதனால் பசைப் பாட்டிலையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கழிவுத் துண்டு இரண்டு கேட்டு வாங்கி ஒட்டிப் பாருங்கள். ஸ்டைரீன் என்றால் லேசாகக் கீறி மடக்கும்போது கீறிய கோட்டிலேயே நேராக முறியும். எரித்துப் பார்க்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நெஞ்சுக்கு ஆகாது. காசில்லாத வழியும் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கப், மூடிகளின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன். நுரை கப்பை விட்டுவிட்டு, கெட்டியாக இருக்கிறதைக் கழுவி, தட்டையான இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், மாடல் பசைக்கு மசியாது.

கடைக்காரரிடம் ஸ்டைரீன் என்று கேட்டுத்தான் வாங்கினீர்கள் என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. வெறுமனே "வெள்ளை ஷீட் ஒண்ணு குடுங்க" என்று வாங்கியிருந்தால் வழக்கு நிற்காது.

தென்காசி: 1/72 விமானம். மேல்கண்ணாடியை மூடித்தான் ஒட்டப்போகிறேன். காக்பிட்டுக்கு, நுணுக்கமான பாகங்களைப் பித்தளைத் தகட்டில் செய்து விற்கிற செட் வாங்கலாமா?

வேண்டாம்.

பாளையங்கோட்டை, ஒரு தந்தை: ஐயா, மகன் சேர்த்து வைத்த பணத்தில் மிக்-21க்கு ரெசினில் (அச்சில் ஊற்றினால் இறுகும் பிசின்) செய்த இருக்கை ஒன்றை இணையத்தில் வாங்கினான். படத்தில் தையல் கோடு வரை தெரிந்தது. வந்ததில் முழுக்கக் காற்றுக் குமிழி, தலைப்பக்கம் ஓட்டை. உறையில் கம்பெனி பெயரே இல்லை. "ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். பையன் இரண்டு நாளாக அந்தப் பக்கமே போகவில்லை.

உங்கள் மகன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள். அசல் ரெசின் இருக்கை ஒன்றை வாங்கி, அதன் மேலேயே அச்சு எடுத்து, மலிவு ரெசினை ஊற்றி விற்கிற கூட்டம் இருக்கிறது. நகலெடுக்கும்போது உருவம் கொஞ்சம் சுருங்கும், நுணுக்கம் மழுங்கும், குமிழி தங்கும். படத்தை மட்டும் அசல் கம்பெனியுடையதாகப் போடுவார்கள். பிள்ளைகள் காசில் கை வைக்கிற இந்த வேலையை என்னால் பொறுக்க முடிவதில்லை.

"ரிட்டர்ன் கிடையாது" என்பது இங்கே செல்லாது. 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் எதையும் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். இருக்கையையும் உறையையும் பில்லையும் படமெடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்வது அவர் கடமை. நடக்கவில்லையா, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

மேலப்பாளையம்: காக்பிட்டை முடித்து, கண்ணாடியை சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். காலையில் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கிட் கம்பெனி மேல் நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்க முடியாது. சூப்பர் குளூவின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்தால் இப்படித்தான் பூக்கும். கிட்டோடு வந்த தாளைப் படித்தீர்களா? கண்ணாடிக்கு சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமே தெரியாது. பிரித்தெடுக்க முடிந்தால் பற்பசையால் மெதுவாகத் தேய்த்து, தெளிவான பளபள அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுங்கள். பாதியாவது தேறும்.

கல்லிடைக்குறிச்சி, வாசகி: அண்ணாச்சி, காக்பிட் டயல் வெட்ட ஒரு பஞ்ச் செட் வேண்டுமாம், எட்டாயிரம் ரூபாயாம். எங்க வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தேவையா?

முதல் விமானத்துக்குத் தேவையில்லை தங்கச்சி. நிஜ விமானத்தின் டயல் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் விட்டம். 1/48-ல் அது 1.7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முழுக் கருவிப் பலகையையும் கம்ப்யூட்டரில் அந்த அளவுக்குச் சுருக்கி, போட்டோ ஸ்டுடியோவில் பளபளப்புத் தாளில் ஒரு பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அதன் மேல் டயல் இடங்களில் துளையிட்ட 0.25 மில்லிமீட்டர் ஸ்டைரீனை வைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு வார்னிஷ் விட்டால் கண்ணாடி போட்டதாகவே தெரியும். சில நூறு ரூபாய்க் கைத்துளைப்பான் போதும்.

வயருக்கும் கடல் கடந்து காசு அனுப்பாதீர்கள். மோட்டார் வைண்டிங் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பியின் மிச்சத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். 0.19 மில்லிமீட்டர், 1/48-ல் ஒன்பது மில்லிமீட்டர் கேபிளுக்குச் சரியாக வரும். இருக்கை பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் பட்டையாகக் கீறினால் ஆயிற்று. மிச்சப் பணத்தில் நல்ல கத்தி பிளேடு, கூர்மையான இடுக்கி, பூதக்கண்ணாடி விளக்கு வாங்கட்டும். கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில்: 1/72 கிட்டுக்கு வாங்கிய இருக்கை உள்ளே போகவே இல்லை. உறையில் 1/48 என்று இருக்கிறது. கடைக்காரர் மாற்ற மறுக்கிறார்.

உறையில் எழுதித்தானே இருக்கிறது? 48-க்கான இருக்கை 72-க்கு ஒன்றரை மடங்கு பெரிது. பிரிக்காமல் இருந்தால் தயவாகக் கேட்டுப் பாருங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் 1/48 கட்டுகிறவருக்கு விற்றுவிடுங்கள்.

டவுன், ரத வீதி: வெளிநாட்டு கிட் பெட்டியில் அச்சிட்ட விலை மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி முந்நூறு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள்.

குற்றம். அதிகபட்ச சில்லறை விலையைக் கூட்டி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருந்தாக வேண்டும். இரண்டு ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி படமெடுத்து, பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள். பில் தரமாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள்.

வள்ளியூர்: விமான உள்பக்கப் பச்சை என்று ஒரு பெயின்ட் கொடுத்தார்கள். மிக்-21 காக்பிட்டுக்குச் சரிதானே?

இல்லை. அது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானங்களின் நிறம். மிக்-21-ல் நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம் வரும். மிக் என்று சொல்லிக் கேட்டிருந்தால், மூடி திறக்காத பாட்டிலை மாற்றித் தரச் சொல்லுங்கள்.