நிழற்பாலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கைக்கருவிகளுக்காக, அதாவது கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் கருவிகளுக்காக, ஒரு சிறிய பிளாட்ஃபார்மர் (ஓடியும் குதித்தும் தடைகளைத் தாண்டும்) விளையாட்டை உருவாக்கி வருகிறேன். தன் நிழலையே பாலமாகப் போட்டு நடக்கும் ஒரு சிறுமிதான் நாயகி. கையிலுள்ள விளக்கைத் தாழ்த்தினால் நிழல் நீளும், பள்ளத்தைக் கடக்கலாம். உயர்த்தினால் சுருங்கும். விளையாடிப் பார்த்த எல்லோருமே கற்பனை அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மூன்றாவது கட்டத்தோடு வைத்துவிடுகிறார்கள். அந்தச் சிறுமியோடு அவர்களுக்கு ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றுகிறது. இப்போதுள்ள நான்கு நிமிட முன்கதையை இன்னும் விரிவாக்கினால் சரியாகுமா? 12 கட்டங்களை 20 ஆக்கலாமா? கருவியின் வேகம் போதாததுதான் காரணமா? சோதனைப் பதிப்பை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

‘அழகாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் வைத்துவிடுகிறார்கள்’ என்ற வரிக்காகத்தான் இந்தப் பதில். கைக்கருவி விளையாட்டுகளில் நல்ல கற்பனைகள் ஏன் இப்படிப் பாதியில் கைவிடப்படுகின்றன என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தது. உங்கள் சோதனைப் பதிப்பு அதற்கான எல்லா உதாரணங்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கற்பனை உண்மையிலேயே நல்லது. விளக்கு தாழ்ந்தால் நிழல் நீளும் என்பதை ஒரு குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விதி கிடைப்பது அரிது. அதனால்தான் நீங்கள் அதை நடத்தியிருக்கும் விதம் கோபத்தை வரவழைக்கிறது.

கட்டங்களை 20 ஆக்காதீர்கள். மூன்றாவதைத் தாண்டாதவர்களுக்குப் பதின்மூன்றாவது எதற்கு? கருவியைக் குறை சொல்வதையும் விட்டுவிடுங்கள். 1992-இல் வந்த ‘கிர்பீஸ் ட்ரீம் லேண்ட்’ விளையாட்டு ஓடிய கேம்பாய் கைக்கருவியின் செயலி 4.19 மெகாஹெர்ட்ஸ், திரையில் நான்கு சாயல்கள், 160×144 பிக்ஸல்கள், அவ்வளவுதான். முதன்முறை கையில் எடுத்தவர்களும் அதை முடித்தார்கள். உங்களிடம் இருப்பது 240×160 திரையும், அதைவிடப் பல மடங்கு வேகமும்.

இனி அந்தச் சிறுமி. ஏ பட்டனை அழுத்தியதும் அவள் முதலில் குனிகிறாள், கூந்தல் முன்னால் சரிகிறது, பாவாடை மடிகிறது, பிறகு எழும்புகிறாள். வரைந்த கையைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குனிதல் ஆறு ஃப்ரேம், அதாவது திரையில் படம் ஆறு முறை மாறும் நேரம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் 0.1 விநாடி. ஃப்ரேமுக்கு 2.5 பிக்ஸல் வேகத்தில் ஓடும் பெண் அந்த நேரத்தில் 15 பிக்ஸல் முன்னால் போய்விடுகிறாள். ஆடுபவர் விளிம்பைப் பார்த்துச் சரியாகத்தான் அழுத்துகிறார். அவள் குனிந்தபடியே பள்ளத்தில் விழுகிறாள். இரண்டு முறை விழுந்தால் தன் தவறு என்று நினைப்பார். ஐந்தாவது முறை கருவியைக் கீழே வைத்துவிடுவார். உங்கள் மூன்றாவது கட்டத்தில்தான் பள்ளங்கள் நெருங்கி வருகின்றன. காரணம் அங்கே இருக்கிறது.

குனிதலைத் தூக்கி எறிய வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பட்டன் அழுந்திய அதே ஃப்ரேமில் கால் தரையை விட வேண்டும். உடல் நீள்வதையும் கூந்தல் பறப்பதையும் காற்றில் இருக்கும்போது காட்டுங்கள், குனிவதைத் தரையிறங்கும்போது காட்டுங்கள். அழகு ஒரு துளியும் குறையாது. கூடவே மன்னிப்பும் கொடுங்கள். 2018-இல் வந்த ‘செலஸ்டே’ விளிம்பைத் தாண்டி 0.1 விநாடி வரை குதிக்க அனுமதிக்கிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்துக்கொண்டு தொட்டதும் குதிக்கிறது. மேலேயுள்ள கல்லின் மூலையில் தலை இடித்தால் நாலு பிக்ஸல் வரை பக்கவாட்டில் நகர்த்திவிடுகிறது. அவ்வளவு கடினமான விளையாட்டே இதைச் செய்கிறது என்றால் நீங்கள் செய்யாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

இப்போது நான் விடப்போவதில்லை என்று நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்: திரையில் முன்னால் எவ்வளவு தெரிகிறது என்பது. கைக்கருவிக்கு எழுதுபவர்களில் பெரும்பாலோர் இதைக் கணக்கிடுவதே இல்லை. நீங்களும் கணக்கிடவில்லை. உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.

திரை அகலம் 240. சிறுமி நடுவில் நிற்கிறாள், அகலம் 24. அவள் மூக்குக்கு முன்னால் தெரிவது 108 பிக்ஸல். ஓட்டம் நொடிக்கு 150 பிக்ஸல். எதிரே வரும் வௌவாலின் வேகம் ஃப்ரேமுக்கு 1.5, அதாவது நொடிக்கு 90. இருவரும் நெருங்கும் வேகம் 240. ஆக, வௌவால் திரையில் தோன்றியதிலிருந்து மோதும் வரை 0.45 விநாடி. திரையில் ஏதோ வந்துவிட்டது என்று உணர்ந்து விரல் அசையவே ஏறக்குறைய கால் விநாடி போய்விடும். குதிப்பதா, நிழலை விரிப்பதா என்று தேர்ந்தெடுக்க மேலும் கொஞ்சம் வேண்டும். அதோடு நிற்கவில்லை நீங்கள். நிழல் மேல் சறுக்கும்போது அவள் வேகம் ஃப்ரேமுக்கு 4. நெருங்கும் வேகம் 330 ஆகிறது. மிஞ்சுவது 0.33 விநாடி. உங்கள் விளையாட்டின் உயிரே நிழல் மேல் சறுக்குவதுதான். அதைச் செய்யும் ஒவ்வொரு முறையும் ஆடுபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். எது அழகோ அதற்கே தண்டனை கொடுத்திருக்கிறீர்கள்!

இது புதிய பிழையும் அல்ல. 1992-இன் ‘சோனிக் 2’ மாஸ்டர் சிஸ்டம் என்ற வீட்டுக் கருவிக்கும் கேம் கியர் என்ற கைக்கருவிக்கும் வந்தது. முன்னதன் திரை 256×192, பின்னதன் திரை 160×144. முதல் பாஸ் (பெரிய எதிரி) சண்டையில் துள்ளி வரும் குண்டுகளைப் பெரிய திரையில் முன்கூட்டியே பார்த்து விலகலாம். கைக்கருவியில் அவை பக்கத்தில் வந்த பிறகே தெரிந்தன. விளையாட்டின் முதல் பாஸ், பலருக்கு அதுவே கடைசி பாஸும் ஆனது. திரை சுருங்கினால் வேகமும் உருவங்களும் சேர்ந்து சுருங்க வேண்டும். 1989-இன் ‘சூப்பர் மாரியோ லேண்ட்’டில் மாரியோ எவ்வளவு சிறியவன் என்று பாருங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வழி தெரியட்டும் என்ற முடிவு அது.

செய்ய வேண்டியது இதுதான். சிறுமியின் அகலத்தை 16 ஆக்குங்கள், உயரத்தை 32-லிருந்து 24 ஆக்குங்கள். கேமரா அவளை நடுவில் வைக்காமல், போகும் திசைக்குப் பின்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் வைக்கட்டும். இப்போது முன்னால் 152 பிக்ஸல் தெரியும். சறுக்கலை ஃப்ரேமுக்கு 3.25 ஆகக் குறையுங்கள். நெருங்கும் வேகம் 285. கிடைக்கும் நேரம் 0.53 விநாடி. 0.33 எங்கே, 0.53 எங்கே! இரண்டு இடங்களில் தவறு நேரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் திரும்பியவுடன் கேமராவும் திரும்பினால் தலை சுற்றும். புதிய திசையில் 24 பிக்ஸல் நடந்த பிறகே நகரத் தொடங்கட்டும், அவள் வேகத்தைவிட ஃப்ரேமுக்கு ஒரு பிக்ஸல் மட்டும் கூடுதலாக. அடுத்தது, குதிக்கும்போதெல்லாம் கேமரா மேலும் கீழும் ஆடக்கூடாது. சாதாரணக் குதிப்பில் அசையாமல் இருந்து, அவள் புதிய தளத்தில் கால் வைத்ததும் அந்த உயரத்துக்கு நகரட்டும். 1990-இன் ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ இதைச் செய்து காட்டிவிட்டது.

நிழலுக்கு வருவோம். மரத்தடியிலும் சுவரோரத்திலும் நீங்கள் வரைந்திருக்கும் நிழல்களும், அவள் கால் வைக்கும் நிழலும் ஒரே கருநீலம். எதில் நிற்கலாம், எது வெறும் ஓவியம்? விழுந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 1995-இல் ‘டாங்கி காங் லேண்ட்’ செழிப்பான பின்னணிகளைக் கேம்பாய்க்குக் கொண்டுவந்தபோது உருவங்கள் அதற்குள் கரைந்துபோயின. உங்களிடம் வண்ணம் இருக்கிறது, பயன்படுத்துங்கள். நிற்கக்கூடிய நிழலின் மேல்விளிம்பில் ஒரு பிக்ஸல் வெளிச்சக் கோடு, பின்னணியில் கருமையே கூடாது. பிறகு விளையாட்டுத் திரையை ஒரு படமாக எடுத்துச் சாம்பல் நிறமாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வழி தெரிந்தால் சரி. கைக்கருவியை வெயிலிலும் ஓடும் வண்டியிலும் வைத்து ஆடுவார்கள், உங்கள் மேசை விளக்கின் கீழ் அல்ல.

இன்னொன்று, அவள் நிற்கும்போதே பாலம் நழுவுகிறதே, அது நிழலின் நீளத்தை ஒவ்வொரு ஃப்ரேமும் பின்னத்தில் கணக்கிடுவதால் வருகிறது. விளக்கு அரைப் பிக்ஸல் அசைந்தால் விளிம்பும் அசைகிறது. நீளத்தை 8 பிக்ஸல் படிகளாக முழுமையாக்குங்கள். நிழல் சுருங்குமுன் விளிம்பு பத்து ஃப்ரேம் மினுங்கட்டும், கால் எடுக்க நேரம் கிடைக்கும். விளக்குக்கு இப்போது மூன்று பட்டன்கள் வைத்திருக்கிறீர்கள், ஒன்று போதும். தோள் பட்டனைப் பிடித்தால் விளக்கு தாழும், விட்டால் உயரும். 2006-இல் பிஎஸ்பி கைக்கருவிக்கு வந்த ‘லோகோரோகோ’வில் எல், ஆர் பட்டன்கள் உலகத்தையே சாய்க்கும், இரண்டையும் சேர்த்துப் பிடித்து விட்டால் குதிக்கும். கிட்டத்தட்ட முழு விளையாட்டும் அதற்குள் அடங்கியது. உங்கள் விதியும் அவ்வளவு எளிமையானதுதான் கே, அதை ஏன் மூன்று பட்டன்களுக்கு அடியில் புதைக்கிறீர்கள்?

முன்கதையைக் கேட்டிருந்தீர்கள். நான்கு நிமிடத்தையும் எடுத்துவிடுங்கள். பட்டனை அழுத்தியதும் துள்ளுகிற பெண்ணோடு ஒட்டுதல் தானாக வரும். அடுத்த பதிப்பில் முதல் மூன்று கட்டங்களை மட்டும் அனுப்புங்கள். படங்களை மெருகேற்ற வேண்டாம், வெறும் பெட்டிகளாக இருந்தாலும் போதும். கேமராவும் குதிப்பும் சரியாக இருக்க வேண்டும்.