70 அங்குல டைகர் மாத்துக்கு எந்த இஞ்சின், எப்படிப் பொருத்துவது?

டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் ஈரடுக்குப் பயிற்சி விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கு அளவு மாதிரி, ரிமோட்டில் பறப்பது, 70 அங்குல இறக்கை, மரவேலை முடிந்துவிட்டது. 20 சிசி பெட்ரோல் இஞ்சின் போடலாமா, 15 சிசி 4 ஸ்ட்ரோக் குளோ (மெத்தனால் கலந்த எண்ணெயில், சூடான பிளக்கால் ஓடும் இஞ்சின்) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அசலுக்கு நெருக்கமாக என்னென்ன மாற்றலாம், நம் நாட்டோடு தொடர்புள்ள நிறம் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே அளவு விமானத்தை இரண்டு வருடம் கட்டி, இப்போது மூன்றாவது வருடமாகப் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜொகூரில் லாயாங்-லாயாங். ரெங்கம் தாண்டியதும் ரயில் பாதையோரம் வரும் தோட்டப் பட்டணம். பட்டம், தகைவிலான் குருவி, இரண்டுக்கும் மலாயில் அந்தப் பெயர்தான். சுற்றிலும் செம்பனை. நான் பறக்கவிடுவது தோட்டத்துப் பந்துத் திடலில், ஞாயிறு காலை பனி விலகியதும், பையன்கள் பந்து விளையாட வருவதற்குள்.

முதலில் இஞ்சின். கேள்வியில் நீங்கள் சக்தியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஈரடுக்கு இறக்கை விமானத்தில் நான் முதலில் பார்ப்பது எடையை. அசல் டைகர் மாத்தே 130 குதிரைசக்தி இஞ்சினோடு நிதானமாகப் பறந்த பயிற்சி விமானம், அதன் மாதிரிக்கு அசுர பலம் எதற்கு? மூக்கு எவ்வளவு எடை கேட்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். நான் செய்தது இதுதான். இறக்கைகள், வால், சக்கரம், சர்வோ (வாலையும் இறக்கையையும் அசைக்கும் சின்ன மோட்டார்), துணி எல்லாம் மாட்டிய பிறகு, இஞ்சின் உட்காரப்போகும் இடம் வரை நீட்டிக்கொண்டு நிற்கும்படி ஃபயர்வாலில், அதாவது இஞ்சினைத் தாங்கும் முன்பலகையில், ஒரு குச்சியைத் தற்காலிகமாகக் கட்டினேன். குச்சி முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, வரைபடத்தில் குறித்திருக்கும் சமநிலைப் புள்ளியில் விமானம் மட்டமாக நிற்கும் வரை அரிசியை ஒவ்வொரு பிடியாகப் போட்டுக்கொண்டே போனேன். அப்புறம் பையைச் சமையலறைத் தராசில் வைத்தால் 1.1 கிலோ. இஞ்சின், அதைப் பிடிக்கும் மவுண்ட், சைலன்சர், புரொப்பெல்லர், பேட்டரி எல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் இருக்க வேண்டிய எடை அவ்வளவுதான். உங்கள் விமானத்தில் வேறு எண் வரும். வால் பக்கம் நீங்கள் பசையைத் தாராளமாகப் பூசியிருந்தால் நிச்சயம் கூடவே வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். டைகர் மாத்தில் மேல் இறக்கை கீழ் இறக்கைக்கு முன்னால் தள்ளியிருக்கும், இரண்டும் பின்பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும். முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு தப்பிக்க வழிவிட்டு மேல் இறக்கையை முன்னே நகர்த்தினார்கள், அதனால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். ஆகவே ஒற்றை இறக்கை விமானம்போல ‘இறக்கை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு’ என்று கண்ணால் அளந்து சமநிலைப் புள்ளியைக் குறிக்காதீர்கள். வரைபடம் எந்த இறக்கையிலிருந்து அளக்கச் சொல்கிறதோ அதிலிருந்து மட்டும் அளங்கள்.

உங்கள் அரிசிப் பை ஒரு கிலோவுக்கு மேல் காட்டினால் 20 சிசி பெட்ரோல் தாராளமாக உட்காரும், ஈயம் சேர்க்க வேண்டியிருக்காது, குளோ எண்ணெய்க்காக ஜொகூர் பாரு ஓட வேண்டியதும் இல்லை. டயாஃப்ரம் பம்ப் உள்ள கார்புரேட்டர் என்பதால் டேங்க் கொஞ்சம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தோட்டத்தில் புல் வெட்டும் மிஷின் பழுது பார்த்த கை இருந்தால் அந்தக் கார்புரேட்டர் உங்களுக்குப் புதிதல்ல. ஒரே கட்டுப்பாடு, பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் பெட்டியையும் அதன் வயரையும், ரிமோட் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளுங்கள், அதற்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். நான் எடுத்தது பழைய ஓ.எஸ். எஃப்.எஸ். 91 சர்பாஸ், 15 சிசி 4 ஸ்ட்ரோக். சத்தத்துக்காகத்தான் எடுத்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. திடலின் கடைசியில் தாழ்வாகத் திரும்பி வரும்போது அந்த மெதுவான பட்-பட் சத்தம் இல்லாவிட்டால் அது எனக்கு டைகர் மாத் இல்லை. எடையில் குறைந்ததை ரிசீவர் பேட்டரியை ஃபயர்வாலுக்கு அருகே கொண்டுபோய் ஈடுகட்டினேன். புரொப்பெல்லர் 14க்கு 6, அப்புறம் 15க்கு 6 (விட்டமும் பிட்ச்சும், அங்குலத்தில்; பிட்ச் என்பது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). கம்பியும் தூணுமாகக் காற்றை இழுத்துக்கொண்டு பறக்கும் விமானத்துக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் குறைவாகவும் இருப்பதுதான் பொருந்தும்.

அசல் ஜிப்ஸி மேஜர் இஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும், அதனால்தான் அந்த மூக்குக்கு அப்படியொரு வடிவம். நம் இஞ்சினையும் தலைகீழாகப் போட்டால் மூக்கு மூடிக்குள் அழகாக அடங்கும். குளோ இஞ்சினில் எல்லோரும் இடறுவதும் இங்கேதான், நானும் இடறினேன். கிட்டில் டேங்க் தட்டு நேராக நிற்கும் இஞ்சினுக்காக வரைந்திருந்தது. தலைகீழாக்கியதும் கார்புரேட்டர் கீழே போய்விட்டது, டேங்க் பழைய உயரத்திலேயே இருந்தது. எண்ணெய் நிரப்பிவிட்டு, ஸ்டார்ட்டர் எடுக்க வீட்டுக்குள் போய் வந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் தானாக வடிந்து சிலிண்டர் தலையில் தேங்கிவிட்டது. ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினேன், கால் சுற்று சுற்றி இடித்து நின்றது. மறுபடி அழுத்தப் போனபோது மாமா கையைப் பிடித்துவிட்டார். தோட்டத்து வர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் டிராக்டர் பார்த்தவர்.

“இடிச்சு நிக்குதுன்னா உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு தம்பி. பலத்தைக் கூட்டாத, பிளக்கைக் கழட்டு.”

பிளக்கைக் கழற்றினால் ஒரு கரண்டி எண்ணெய் என் விரல் வழியாகக் கொட்டியது. திரவத்தை நசுக்க முடியாது. இன்னொரு அழுத்து அழுத்தியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். அன்றே தட்டை அறுத்து இறக்கினேன். டேங்கின் நடுக்கோடு, எண்ணெய் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு மட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது 5 முதல் 10 மி.மீ. கீழே. அசலில் எண்ணெய் டேங்க் மேல் இறக்கையின் நடுவில் இருக்கும், 19 கேலன், புவியீர்ப்பில் தானாக இறங்கும். அதைப் பார்த்துவிட்டு மாதிரியிலும் டேங்கை மேலே வைக்க ஆசைப்படாதீர்கள், அங்கே வெறும் பால்ஸா கூடு போதும். இப்போதும் ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சூடாக்கும் குளோ பேட்டரியை மாட்டுவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை.

ஃபயர்வால் 6 மி.மீ. பிளைவுட். உள்மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து எப்பாக்ஸி போடுங்கள், மவுண்ட்டை 4 மி.மீ. போல்ட்டும் பின்னால் பிளைண்ட் நட்டும் வைத்து இறுக்குங்கள், பிறகு முழு அறைக்கும் மெல்லிய எப்பாக்ஸி ஒரு பூச்சு. குளோ எண்ணெய் மரத்துக்குள் ஊறிவிட்டால் எந்தப் பசையும் அப்புறம் பிடிக்காது. இஞ்சினை இரண்டு டிகிரி வலப்பக்கமும் இரண்டு டிகிரி கீழ்ப்பக்கமும் திருப்ப, மவுண்ட்டுக்குப் பின்னால் வாஷர் வைத்தால் போதும். திருப்பும்போது புரொப்பெல்லர் அச்சு மூடியின் நடுவிலிருந்து விலகும், அதனால் மவுண்ட்டை முன்கூட்டியே இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தித் துளை போடுங்கள். மூடியில் காற்று வெளியேறும் துவாரம் நுழையும் துவாரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் இது முக்கியம்: உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் சிலிண்டரைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

தலைகீழ் இஞ்சின் மெதுவாக ஓடும்போது பிளக் நனைந்து அணைவது உண்டு. விமானத்துக்குள்ளேயே ஒரு குளோ டிரைவர் (பிளக்கைச் சூடாக்கும் சின்னக் கருவி) வைத்து, திராட்டில் கீழே வந்ததும் பிளக் சூடாகும்படி செய்தேன், அதன் பிறகு தரையிறங்கும்போது ஒரு முறைகூட நின்றதில்லை. நீடிலை அதிகபட்சச் சுற்றுக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் திறந்துவிட்டு, ஒருவர் விமானத்தை மூக்கு மேலே பார்க்கப் பிடித்திருக்க, பத்து நொடி முழு வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள். சுதி இறங்கினால் இன்னும் திறக்க வேண்டும். பிடிப்பவரும் நீங்களும் புரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்கவே கூடாது. 4 ஸ்ட்ரோக் சில நேரம் எதிர்ச்சுற்று உதைத்து நட்டைத் தளர்த்திவிடும், பூட்டு நட்டை எடுத்து வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் வால்வு இடைவெளியைப் பாருங்கள், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.04 முதல் 0.1 மி.மீ. அப்புறம், அன்றைய பறப்பு முடிந்ததும் டேங்கில் மிச்சமிருப்பதை உறிஞ்சி எடுத்து, இஞ்சினை உலர ஓடவிட்டு, இரண்டு சொட்டு மசகு எண்ணெய் விடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, பேரிங் துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

அழகு வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது மேல், கீழ் இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிகள். கிட்டில் எலாஸ்டிக் நூல் வந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். தூண்டில் கடையில் முள்ளோடு கட்டும் பிளாஸ்டிக் பூசிய எஃகுக் கம்பி கிடைக்கும், நசுக்கிப் பூட்டும் சின்னக் குழாய்களும் அங்கேயே இருக்கும். பறக்கும்போது இழுபடுவது கீழிருந்து வெளிநோக்கி மேலே போகும் கம்பி, தரையில் இறக்கையைத் தாங்குவது அதற்கு எதிர்த்திசைக் கம்பி. இரண்டையும் ஒரே அளவு இறுக்குங்கள். நான் ஒரு பக்கம் கூடுதலாக இறுக்கி இறக்கையையே முறுக்கிவிட்டேன், விமானம் இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது, காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு ஆனது.

விமானி அறை விளிம்புக்குக் கறுப்பு நாற்காலித் தோல் துண்டு. அம்மாதான் ரவிக்கை தைக்கும் மெழுகு நூலால் அரை அங்குலத்துக்கு ஒரு தையலாக, கிழிந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு துளையையும் ஊசியைச் சூடாக்கிக் குத்திப் போட்டுக்கொடுத்தார். திடலுக்கு வருகிறவர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அந்தத் தையலைத்தான். ஒரே ஒரு விமானி பொம்மை வைப்பதாக இருந்தால் பின் இருக்கையில் வையுங்கள். டைகர் மாத்தைத் தனியாக ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்காருவார், முன் இருக்கை பயிற்சியாளருடையது.

அசலில் எய்லெரான், அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை, கீழ் இறக்கையில் மட்டும்தான், அதுவும் மேலே நன்றாக எழும்பும், கீழே மிகக் குறைவாகவே இறங்கும். ரிமோட்டிலும் அப்படியே வையுங்கள், எனக்கு மேலே 20 மி.மீ., கீழே 6. அப்படி வைத்தும் திரும்பும்போது ரடர் (மூக்கைத் திருப்பும் வால் பலகை) சேர்த்துக் கொடுத்தால்தான் மூக்கு ஒழுங்காக வரும்.

நிறத்துக்கு வருகிறேன். 1941-42இல் மலாயா தொண்டர் விமானப் படை டைகர் மாத் வைத்திருந்தது, அதனால் இந்த விமானம் நமக்கு அந்நியம் இல்லை. ஜொகூருக்கு ஈரடுக்கு விமானங்களோடு இன்னொரு கசப்பான தொடர்பும் உண்டு: 1942 ஜனவரி 26 அன்று எண்டாவில் தரையிறங்கிய ஜப்பானியப் படையைத் தாக்க, சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 36, 100ஆம் ஸ்குவாட்ரன்களின் வில்டபீஸ்ட் விமானங்கள் வந்தன. துணி போர்த்திய, மெதுவான ஈரடுக்கு விமானங்கள். நிறைய திரும்பவில்லை. அந்த விமானத்தை ஒருநாள் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. போர்க்கால மறைப்பு நிறம் வேண்டும் என்றுதான் முதலில் நானும் பச்சையும் மண்நிறமுமாக அடித்தேன், செம்பனைக்கு மேல் போனதும் விமானம் கண்ணிலிருந்தே கரைந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் நின்ற அந்த நான்கு நொடியை இன்னும் மறக்கவில்லை. இப்போது பயிற்சி விமானத்தின் மஞ்சள். மேகத்திலும் தெரிகிறது, செம்பனையிலும் தெரிகிறது.

நீங்கள் குளுவாங் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ராணுவ விமானத் தளம் இருக்கிறது, அதன் அருகில் வேண்டாம். எங்கே பறந்தாலும் 400 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இந்த விமானத்துக்கு அதற்கு மேல் போக ஒரு காரணமும் இல்லை. தட்டை ஒட்டுவதற்கு முன் இஞ்சினைத் தலைகீழாக மாட்டி, பக்கத்தில் டேங்கைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், உயரம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.