பெரிய கம்பெனி வந்தால்தான் ஊர் வளருமா?

கேள்வி: வரிச்சலுகை காட்டி பெரிய கம்பெனியை இழுத்து வராமல் ஒரு சின்ன புறநகர் வளர முடியுமா?

பதில்: முடியும். அமெரிக்காவில் டென்வர் நகரை ஒட்டிய லிட்டில்டன் என்ற புறநகர் செய்து காட்டியது. 1980களில் அங்கே பெரிய முதலாளியாக இருந்த மார்ட்டின் மரியெட்டா என்ற விண்வெளி, ராணுவத் தளவாட நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்ப, ஒரே முதலாளியை நம்பிக் கிடந்தது போதும் என்று நகராட்சி உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் பக்கம் திரும்பியது. கிறிஸ் கிப்பன்ஸ் என்ற அதிகாரி முன்னின்று நடத்தினார். சலுகைப் பணம் கிடையாது, தகவல்தான்: யார் வாங்குவார்கள், வாடிக்கையாளர் எந்தப் பகுதியில் அதிகம், போட்டி யார் என்று நகராட்சி ஊழியர்களே டேட்டாபேஸ், வரைபடம் எல்லாம் அலசித் தேடிக் கொடுத்தார்கள். சின்னக் கடைக்காரருக்கு இது தனியாகக் கட்டுப்படியாகாது, இல்லையா? இதற்குப் பெயர் பொருளாதாரத் தோட்டக்கலை. அடுத்த இருபது ஆண்டுகளில் வேலைவாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. சிக்கல் என்னவென்றால், பலன் மெதுவாகத்தான் வரும்; அரசியல்வாதிகளுக்கு அடுத்த தேர்தலுக்குள் ரிப்பன் வெட்ட எதுவும் கிடைக்காது.