பேரேட்டில் ஏறாத பிள்ளைகள்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருபவர், கடலூரில் 31 ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1911-ஐ விட 1921-இல் புதுச்சேரியின் ஜனத்தொகை குறைந்துபோனதாகப் படித்தேன். ஆள் குறையும் அளவுக்கா பிள்ளைப்பேறு குறைந்தது? (வாசகர், முதலியார்பேட்டை)

பிள்ளைப்பேறு மட்டும் காரணமாக இருக்க முடியாது. முதலில் எண்களைப் பார்த்துவிடுங்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து 1901-இல் 2,46,354 பேர். 1911-இல் 2,57,179. 1921-இல் 2,44,156. முதல் பத்து வருஷத்தில் 10,825 பேர் கூடியிருக்கிறார்கள், அடுத்த பத்தில் 13,023 பேர் குறைந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு இத்தனை என்று கூட்டு வட்டி போலக் கணக்கிட்டால் முதலில் நூற்றுக்கு 0.43 ஏற்றம், பிறகு 0.52 இறக்கம்.

நடுவில் வந்தது 1918-இன் விஷக் காய்ச்சல். இந்தியா முழுக்க ஒரு கோடிக்கு மேல் உயிர்களைக் கொண்டுபோன இன்ஃப்ளுவென்சா அது. அந்தப் பத்தாண்டில் இன்றைய இந்திய எல்லைக்குள் மொத்த ஜனத்தொகையே 25.21 கோடியிலிருந்து 25.13 கோடிக்கு இறங்கியது. ஆனால் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அதே பத்தாண்டில் 2.09 கோடி, 2.16 கோடியாக ஏறியிருக்கிறது. பிரெஞ்சுச் சீமையாக இருந்த பாகூருக்கும் பிரிட்டிஷ் சீமையாக இருந்த கடலூருக்கும் நடுவே இருப்பது பெண்ணையாறு ஒன்றுதான். காய்ச்சல் ஆற்றங்கரையில் நின்று எந்த ராஜ்ஜியம் என்று கேட்காது. அதனால் காய்ச்சலோடு, பிழைக்கப் போனவர்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து, வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்கு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் நிறைய. கப்பல் ஏறியவரை எழுத பிறப்பு ஏட்டிலும் இடமில்லை, இறப்பு ஏட்டிலும் இடமில்லை. பிறப்பில் இறப்பைக் கழித்து, வந்தவரைக் கூட்டி, போனவரைக் கழித்தால்தான் உண்மையான பெருக்கம் வரும்.

கேள்வி: பழைய ஏடுகளில் பாதிப் பிறப்பும் இறப்பும் பதியவே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் அவற்றை வைத்துப் போட்ட பெருக்கக் கணக்கு முழுப் பொய்தானே? (வாசகி, மஞ்சக்குப்பம்)

இல்லை அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆயாவின் கதைதான் எனக்குத் தெளிவு கொடுத்தது.

ஆயா வாழ்க்கைப்பட்டது பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில். எட்டுப் பெற்றாள், ஐந்து தங்கியது. இரண்டு பிள்ளைகள் பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. ஒன்று நாலு வயதில். பேர் வைக்காத இரண்டையும் யாரும் எங்கும் போய்ச் சொல்லவில்லை. பிறந்ததும் ஏட்டில் இல்லை, போனதும் இல்லை. ஆக ஏட்டின்படி பிறப்பு ஆறு, இறப்பு ஒன்று, மிச்சம் ஐந்து. நிஜத்தில் பிறப்பு எட்டு, இறப்பு மூன்று, மிச்சம் அதே ஐந்து!

பாருங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக விட்டுப்போனால் கழித்தல் சரியாகத்தான் வரும். அதனால் பெருக்கக் கணக்கு ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கலாம். பொய் வேறு இடத்தில் இருக்கிறது. ஏட்டைப் பார்த்தால் ஆறில் ஒரு பிள்ளைதான் இறந்தது. ஆயாவுக்கு எட்டில் மூன்று. அந்தக் காலத்தில் பதிவான கணக்கிலேயே ஆயிரம் பிறப்புக்கு இருநூறுக்கு மேல் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பதியாதவற்றையும் சேர்த்தால் அது இன்னும் மேலே போகும். "அந்தக் காலத்து மனுஷர் திடகாத்திரம்" என்று யாராவது பேசினால் எனக்கு அந்த இரண்டு பிள்ளைகள் ஞாபகம்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. ஆயாவுக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில், இங்கே திருப்பாதிரிப்புலியூரில். அந்தப் பிள்ளை வெள்ளைக்காரச் சீமை ஏட்டில் ஏறியது, ஐந்தாம் மாதம் பிரெஞ்சுச் சீமைக்குப் போனது. கடலூர் ஏட்டில் ஒரு பிறப்பு கூடுதல், கொம்யூன் (பிரெஞ்சுச் சீமையின் உள்ளாட்சிப் பகுதி) ஏட்டில் ஒன்று குறைச்சல். ஒரு குடும்பத்துக்கு இது அற்பம். ஆனால் எல்லை முழுக்கக் கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள். புதுச்சேரி நிலமே பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அங்கே ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்று ஒரு எண்ணைப் பார்த்தால், எத்தனை பெண்கள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனார்கள் என்றும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: கடலூர் பக்கத்துப் பழைய இறப்புப் பதிவுகளில் காரணம் என்ற இடத்தில் எங்கு பார்த்தாலும் "காய்ச்சல்" என்றே இருக்கிறதே? (வாசகர், நெல்லிக்குப்பம்)

எழுதியவர் வைத்தியர் இல்லை என்பதுதான் விஷயம். சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் வந்தது. கிராமத்தில் அந்த வேலை கிராம அதிகாரி தலையில் விழுந்தது. அம்மை தெரியும், வாந்திபேதி தெரியும். மற்றபடி உடம்பு சுட்டதா, காய்ச்சல் என்று போட்டுவிடுவார். மலேரியா, டைஃபாய்டு, நிமோனியா எல்லாம் அதற்குள் அடக்கம். 1918-இன் விஷக் காய்ச்சல் சாவுகளிலும் பெரும்பகுதி அந்தப் பத்தியில்தான் கிடக்கிறது. 1918 கடைசி மாதங்களின் பக்கங்களைப் புரட்டுங்கள், வழக்கமான மாதத்தோடு ஒப்பிடுங்கள். காரணத்தை எழுத்து சொல்லாவிட்டாலும் எண்ணிக்கை சொல்லும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா புதுச்சேரியில் பிறந்தவர். அவர் பிறப்புப் பதிவை எங்கே தேடுவது? (வாசகி, முத்தியால்பேட்டை)

பிறந்த கொம்யூனில், இல்லையென்றால் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) முதலில் கேளுங்கள். பிரெஞ்சு முறையில் எத்தா சிவில் என்னும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேட்டை ஒரு படியோடு நிறுத்துவதில்லை. காலனிகளின் ஏடுகளில் ஒரு படி பிரான்சுக்கும் போனது. அவை எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள, பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பழைய ஏடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். தேடும்போது ஒன்று கவனியுங்கள். முத்து, சுப்பு என்று வரும் இடத்தில் "உ" ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து, முதலில் ஓ, அடுத்து யூ. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் தேடி "இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். பேர் வைப்பதற்கு முன்பே பதிந்திருந்தால் உங்கள் வீட்டில் கூப்பிட்ட பேரே அதில் இருக்காது. அப்பா பேர், அம்மா பேர், கிராமம், வருஷம் நான்கையும் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.